கிட்டே வராத தெருப்பூனைக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, எப்போது பிடிப்பது

வீட்டுப் பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் தூக்கிக் கூடையில் வைத்து டாக்டரிடம் போய்விடலாம். வாசலுக்குச் சோறு தின்ன வந்து, கை நீட்டியதும் மதில் ஏறி ஓடிவிடும் பூனையிடம் அது நடக்காது. அதைப் பெரும்பாலும் ஒரு தடவைதான் பிடிக்க முடியும். ஒருமுறை கூண்டில் மாட்டிய பூனை அடுத்த தடவை கூண்டைப் பார்த்தாலே ஒதுங்கிவிடும். எதைத் தூரத்திலிருந்தே சரிசெய்யலாம், எதற்கு அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்தே ஆக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். எங்கள் தெருவில் பல வருஷமாகப் பூனைகளுக்குச் சோறு வைத்து வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஒரே நேரம், ஒரே இடம், ஒரே தட்டு. தினமும் காலை ஆறரைக்குத் தட்டு வைத்தால் பூனை ஆறு இருபதுக்கே வந்து நிற்கும். அந்தப் பத்து நிமிஷம்தான் உங்களுக்குக் கிடைக்கும் பரிசோதனை நேரம். எப்போதோ ஒரு நேரம் கையில் இருந்ததைப் போட்டால், பூனை நேற்றிலிருந்து சாப்பிடவில்லையா, வேறு வீட்டில் தின்றுவிட்டு வந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

போனில் வீடியோ எடுங்கள். முகம் நேராக, நடந்து வருவது, சாப்பிடுவது, திரும்பிப் போகும்போது பின்பக்கம். நேருக்கு நேர் கண்ணைப் பார்த்து நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து ஜூம் செய்து எடுத்தால் பூனை பயப்படாது. டாக்டரிடம் “ஒரு மாதிரி இருக்கு சார்” என்று சொல்வதைவிட இந்த வீடியோ பல மடங்கு உதவும். பூனை தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் நல்லது. தூக்கத்திலும் 40ஐத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள்.

நல்லெண்ணத்தோடு கொடுத்துப் பூனையைக் கொன்றுவிடும் பொருட்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் கூடவே கூடாது, ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதும். நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு வலிப்பு வரும். டெட்டால், ஃபினாயில், கற்பூரம், மண்ணெண்ணெய், டர்பன்டைன், வேப்பெண்ணெய், மெக்கானிக் கடையின் பழைய என்ஜின் ஆயில், எதையும் பூனைமேல் ஊற்றாதீர்கள். மேலே படும் எதையும் பூனை நக்கித்தான் சுத்தம் செய்யும். வெளிப்பூச்சு என்று நீங்கள் நினைப்பது உள்ளுக்குப் போய்விடும்.

## தட்டுக்கு வருகிறது, ஆனால் சாப்பிடவில்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். காரணங்களும் இதில்தான் அதிகம். எப்படிச் சாப்பிடாமல் இருக்கிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

### முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போகிறது

முதலில் தட்டைப் பாருங்கள். எறும்பு ஏறியிருக்கும், அல்லது நேற்றைய மீன் புளித்திருக்கும். அப்புறம் சுற்றிலும் பாருங்கள். பெரிய கடுவன் (ஆண் பூனை) ஒன்று மதில்மேல் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் பயந்த பூனை வாய் வைக்காது. இன்னொரு தட்டை ஸ்கூட்டருக்கு அடியிலோ படிக்கட்டு மறைவிலோ வைத்துப் பாருங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால் மூக்கைப் பாருங்கள். பூனை வாசனையை நம்பித்தான் சாப்பிடும். சளி அடைத்த பூனைக்குச் சோறு இருப்பதே தெரியாது. மத்தியோ நெத்திலியோ உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டில், அந்தக் கொதித்த தண்ணீரோடு வையுங்கள். ஆறிப்போன சோற்றைத் தொடாத பூனை சூடான மீன் வாசனைக்குத் தலை தூக்கும்.

தண்ணீர்கூடக் குடிக்காமல், முடி சிலிர்த்து, கண் ஓரத்தில் வெள்ளைச் சவ்வு பாதிக் கண்வரை ஏறி நின்றால் காய்ச்சலோ வேறு பெரிய பிரச்சினையோ இருக்கிறது. இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாத பூனையைப் பிடித்தே ஆக வேண்டும். பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே கெட்டுவிடும். குண்டான பூனைக்கு இது சீக்கிரம் வரும். காது உள்பக்கத் தோலோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால் இரண்டு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

### ஆசையாக ஓடி வருகிறது, வாய் வைத்ததும் துள்ளிப் பின்வாங்குகிறது

இது வாய்ப்புண். பார்த்தால் மறக்காது. பூனை பசியோடு ஓடி வரும், கத்தும், தட்டில் தலையை விடும். ஒரு வாய் எடுத்ததும் தலையைச் சாய்த்து உதறும். முன்காலால் வாயைத் துடைக்கும். சில பூனைகள் சோறே கடித்துவிட்ட மாதிரி ‘கிறீச்’ என்று கத்திக்கொண்டு நாலடி பின்னால் ஓடும். அப்புறம் திரும்பி வந்து தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும். கன்னத்து முடி எச்சிலில் ஒட்டியிருக்கும், முன்காலின் உள்பக்கம் அழுக்காக இருக்கும், தட்டில் சில சமயம் லேசாக ரத்தம் தெரியும். தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாததால் முடி குச்சி குச்சியாக நிற்கும்.

எளிய காரணம், மீன் முள் மாட்டியிருப்பது. திடீரென்று ஒரே நாளில் தொடங்கி, ஒரு பக்கமாக மட்டும் வாயைத் தேய்த்தால் அதைச் சந்தேகியுங்கள். தையல் கடையோ தூண்டில் போடும் இடமோ பக்கத்தில் இருந்தால் ஊசி, நூல், தூண்டில் நரம்பு மாட்டியிருக்கலாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். நேராக டாக்டர்தான்.

தும்மலோடு சேர்ந்து வந்தால் பூனைச் சளிக் கிருமி நாக்கில் போடும் புண். நன்றாகக் கவனித்தால் சில நாளில் ஆறிவிடும். மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்தால் ஈறு முழுக்க வெந்துபோகும் நாள்பட்ட வாய்ப்புண். இதற்கு ஊசி போட்டால் கொஞ்ச நாள் தணியும், மறுபடி வரும். பல பூனைகளுக்குப் பற்களை எடுத்தால்தான் நிம்மதி கிடைக்கிறது. பல் இல்லாமல் தெருவில் எப்படிப் பிழைக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். வலிக்கும் பல்லோடு பட்டினி கிடப்பதைவிடப் பல் இல்லாத வாயால் மசித்த மீனை நக்கித் தின்பது பூனைக்கு எவ்வளவோ மேல். தினமும் சோறு வைக்க ஆள் இருந்தால் இந்தச் செலவு வீண் இல்லை.

அதுவரை: கோழி ஈரலையும் மீனையும் மிக்சியில் கூழாக அடித்து, நிறையத் தண்ணீர் விட்டுத் தட்டையான தட்டில் வையுங்கள். முறுமுறு தீனியை நிறுத்துங்கள். வயதான பூனை, நிறையத் தண்ணீர் குடிக்கிறது, வாய் நாறுகிறது, இளைத்துக்கொண்டே போகிறது என்றால் சிறுநீரகமாக இருக்கலாம். பிடிக்கும் நாளில் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

## கண் ஒழுகுகிறது, தும்முகிறது

### இரண்டு கண்ணும், கூடவே தும்மல்

பூனைச் சளி. மனிதருக்கு ஒட்டாது, கூட இருக்கும் பூனைகளுக்கு ஒட்டும். நன்றாகச் சாப்பிட்டு, ஒழுகுவது தண்ணீர் மாதிரி இருந்தால் பிடிக்க அவசரமில்லை. சூடான சோறு, மழை படாத மூலை, தட்டுகளைத் தனித்தனியாக வைப்பது போதும். ஒழுகுவது மஞ்சள், பச்சை என்று மாறினாலோ சாப்பாடு குறைந்தாலோ வீடியோவோடு டாக்டரிடம் போங்கள். சோற்றில் கலக்கும் மருந்து கொடுத்தால் முதல் உருண்டையில் மட்டும், கொஞ்சமாக, நல்ல பசியில் இருக்கும்போது வையுங்கள். மருந்து கலந்ததைப் பூனை கண்டுபிடித்துவிட்டால் உங்கள் தட்டையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். டாக்சிசைக்ளின் எழுதினால், மருந்து உருண்டைக்குப் பின்னால் கட்டாயம் நீர்த்த சோறு போக வேண்டும். அந்த மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

### ஒரே ஒரு கண் மூடியிருக்கிறது

சண்டையில் நகம் பட்டிருக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு, வெளிச்சத்தில் மூடினால் கருவிழியில் கீறல். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கண் சொட்டு மருந்தை விடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், கீறல் இருக்கும் கண்ணில் அது பட்டால் பார்வையே போய்விடும். ஓரிரு நாளில் கண் திறக்கவில்லை, அல்லது விழி நீலம் பூத்துப் பெரிதாகத் தெரிகிறது என்றால் பிடிக்க வேண்டும். கண்ணே போனாலும் அதை எடுத்துத் தைத்துவிட்டால் பூனை வலியில்லாமல் வாழும்.

### குட்டியின் கண் ஒட்டிப்போயிருக்கிறது

குட்டியைப் பிடிப்பது எளிது. காய்ச்சி ஆறவைத்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, கண்மேல் வைத்து ஊறவிட்டு, உள்ளிருந்து வெளியே துடையுங்கள். பிய்க்காதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூடிய இமைக்குள் சீழ் நின்றால் சில நாளிலேயே கண் போய்விடும்.

## முகத்தில், காதில் பொருக்கு

காது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தொடங்கி, நெற்றி, கண் இமை, கழுத்து என்று பரவி, தோல் தடித்துச் சொரிந்துகொண்டே இருந்தால் சிரங்குப் பூச்சி. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நான் பார்த்தவரை தெருப்பூனை நோய்களில் இவ்வளவு நன்றாகக் குணமாவது வேறில்லை. பிடரியில் விடும் சொட்டு மருந்து இருக்கிறது. பூனையின் எடையை டாக்டரிடம் உத்தேசமாகச் சொல்லி, பூனைக்கென்றே உள்ளதை வாங்குங்கள். அது தலை குனிந்து சாப்பிடும்போது பின்னாலிருந்து இரண்டு தோளுக்கும் நடுவில் முடியை விலக்கித் தோலில் விட முடிந்தால், பிடிக்கும் வேலையே மிச்சம். அதற்கு முன் சில நாள் சாப்பிடும்போது ஒரு நீளக் குச்சியால் பிடரியை லேசாகத் தொட்டுப் பழக்குங்கள். கூடச் சாப்பிடும் எல்லாப் பூனைகளுக்கும் சேர்த்துப் போடாவிட்டால் மறுபடி வரும். உங்கள் கையிலும் சில நாள் அரிப்பு வரலாம், தானாகப் போய்விடும்.

வட்டமாக முடி உதிர்ந்து நடுவில் செதில் இருந்தால் படர்தாமரை. அது வீட்டில் குழந்தைகளுக்கும் ஒட்டும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்து தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுப் பூச்சி. பிடரிச் சொட்டிலேயே சிலவற்றுக்கு இதுவும் போகும், கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைக் காது உள்ள பூனை, அரிப்பு அதிகம் இல்லை, ஆனால் காது நுனிப் பொருக்கு மாதக்கணக்கில் ஆறாமல் ஓரம் அரித்துக்கொண்டே போகிறது என்றால் அது சிரங்கு இல்லை. வெயில் பட்டுப் பட்டு வரும் தோல் புற்றுநோயாக இருக்கலாம். நம் ஊர் வெயிலில் வெள்ளைப் பூனைகளுக்கு இது வரும். ஆரம்பத்திலேயே காது மடலை எடுத்துவிட்டால் பூனை பிழைக்கும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டே காலம் கடத்தாதீர்கள்.

## வீக்கம், புண், புழு

கடுவன்களுக்குக் கன்னத்திலும் வால் அடியிலும் எலுமிச்சை அளவு வீக்கம் வந்தால் பெரும்பாலும் கடிபட்ட சீழ்க்கட்டி. மேலே சிறு துளை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் சேரும். ஓரிரு நாளில் தானாக உடைந்து நாற்றத்தோடு வடியும். உடைந்து, பூனை சாப்பிட்டு, சுறுசுறுப்பாக இருந்தால் டாக்டரிடம் வீடியோ காட்டிச் சோற்றில் கலக்கும் மருந்தோடு சமாளிக்கலாம். உடையாமல் பெரிதாகி, பூனை மந்தமாக இருந்தால் பிடித்துக் கீறிச் சீழ் எடுக்க வேண்டும். பிடிக்கும்போதே கருத்தடையும் செய்யச் சொல்லுங்கள். சண்டை குறையும், இந்தக் கட்டிகளும் குறையும்.

புண்ணில் ஈ மொய்க்கிறதா, அழுகின வாடை வருகிறதா, பூனை அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறதா? புழு வைத்திருக்கும். மழைக்காலத்தில் ஒரு நாளில் வைத்துவிடும். தோலுக்கு அடியில் நீங்கள் பார்க்கும் துளையைவிடப் பல மடங்கு பள்ளம் இருக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கும் புழு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து அடிக்கும் வழக்கம் இருக்கிறது, அதை நக்கிப் பூனை விஷமேறிச் சாகலாம். இதற்கு நாளை என்பதே கிடையாது, அன்றே பிடியுங்கள்.

## வயிற்றுப்போக்கு, வாந்தி

முதலில் பாலை நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது. பாலை நிறுத்தி, வெந்த கோழியும் கொஞ்சம் சாதமும் வைத்தாலே ஓரிரு நாளில் பல பூனைகளுக்கு நின்றுவிடும்.

நிற்கவில்லையென்றால் குடற்புழுவாக இருக்கலாம். ஆசனவாய் ஓரத்தில் வெள்ளரி விதை அல்லது அரிசி மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அது தெள்ளுப் பூச்சியால் வருவது, இரண்டுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். சேமியா மாதிரி வாந்தியில் வந்தால் உருளைப்புழு. குட்டிகளுக்கு வயிறு மட்டும் பந்தாக இருக்கும். மருந்து மலிவு, சோற்றில் கலந்துவிடலாம். நாய்க்கு வாங்கியதைப் பாதி உடைத்துக் கொடுக்காமல் டாக்டரிடம் கேட்டுப் பூனைக்கானதை வாங்குங்கள்.

குட்டியோ இளம் பூனையோ திடீரென்று வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் குறுகி உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குடிக்காமல் இருந்தால் பன்லூக்கோபீனியா என்ற கொடிய தொற்று நோயாக இருக்கலாம். சில மணி நேரமும் முக்கியம். ஒரே ஈற்றுக் குட்டிகள் அடுத்தடுத்துச் சாகும். சலைன் ஏற்றினால் பிழைப்பவை உண்டு. அந்தக் கிருமி ஃபினாயிலுக்குச் சாகாது, பல மாதங்கள் தரையில் இருக்கும். பிளீச்சிங் கரைசலால் கழுவி, நன்றாக அலசிக் காயவிட்ட பிறகே மற்ற பூனைகளை அங்கே விடுங்கள். தடுப்பூசி போடாத புதுக் குட்டிகளை அந்த இடத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

எலி மருந்து தின்ற பூனைக்கு மூக்கில், ஈறில், மலத்தில் ரத்தம் வரலாம், அல்லது ரத்தமே தெரியாமல் வெளிறிச் சோர்ந்துவிடலாம். அக்கம்பக்கத்தில் யாராவது எலி கேக் வைத்தார்களா என்று கேளுங்கள், கிடைத்தால் அந்தக் காகித உறையையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால் என்ன சிகிச்சை என்று டாக்டர் சீக்கிரம் முடிவு செய்யலாம்.

## கடுவன் திரும்பத் திரும்ப உட்காருகிறது

இது அவசரம். கட்டடம் நடக்கும் இடத்து மணல் குவியலில் கடுவன் குழி பறிக்கும், உட்காரும், முக்கும், எழுந்து இரண்டடி தள்ளி மறுபடி குழி பறிக்கும். நடுவில் அடிவயிற்றை நக்கும், சிலது கத்தும். பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்பார்கள். பூனை போனதும் கிட்டே போய் அந்தக் குழிகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். மணல் நனைந்திருக்க வேண்டும். எல்லாக் குழியும் காய்ந்திருந்தாலோ ஒரு சொட்டு ரத்தம் மட்டும் இருந்தாலோ சிறுநீர் அடைத்துவிட்டது.

இதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. பார்லி தண்ணீரும் இளநீரும் அடைப்பை நீக்காது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். வாந்தி எடுத்துப் படுத்துவிட்டால் பிடிப்பது எளிதாகும், ஆனால் நேரம் கையில் இருக்காது. இரவானாலும் திறந்திருக்கும் மருத்துவமனையைத் தேடிப் போங்கள்.

பெட்டைப் பூனை இப்படி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனால் பெரும்பாலும் அழற்சி, மறுநாள் காட்டலாம். பெட்டைக்குப் பின்புறம் சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ். அதற்கு அறுவை சிகிச்சைதான்.

## நொண்டல், மூச்சு

காலை ஊன்றுகிறது, சாப்பிடுகிறது, மதில் ஏறுகிறது என்றால் சில நாள் பொறுங்கள். கால் தொங்கினால், எலும்பு தெரிந்தால், பின்கால் இரண்டும் இழுத்தால் உடனே பிடிக்க வேண்டும். காருக்கு அடியில் தூங்கும் பூனைகள் இருக்கும் தெருவில், வண்டி எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டச் சொல்லி எல்லோரிடமும் கேளுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை, அது துரத்தி ஓடிய களைப்பாக இல்லாவிட்டால், ஆபத்தில் இருக்கிறது. துரத்தாதீர்கள், ஓடினாலே செத்துவிடும். கத்திரி வெயில் நாளானால் முதலில் நிழலும் தண்ணீரும். நிழலிலும் தொடர்ந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

## குணம் திடீரென்று மாறிவிட்டது

வருஷக்கணக்கில் ஓடிய பூனை திடீரென்று காலைச் சுற்றுகிறது, அல்லது காரணமில்லாமல் பாய்கிறது, வாய் தொங்கி எச்சில் வடிகிறது, பின்கால் தள்ளாடுகிறது. சாதாரண நோயாகவும் இருக்கலாம், ரேபிஸாகவும் இருக்கலாம். பூனையிடமிருந்து ரேபிஸ் வரும் என்பதை நிறையப் பேர் நம்புவதில்லை. நீங்களாகப் பிடிக்காதீர்கள், குழந்தைகளை விலக்கி வைத்து, விலங்கு நலக் குழுவையோ மாநகராட்சி கால்நடைப் பிரிவையோ கூப்பிடுங்கள்.

எந்தப் பூனை கடித்தாலும், பிராண்டினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ரேபிஸ் தடுப்பூசி இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், சில மணி நேரத்தில் கை வீங்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடர்ந்து பூனைகளைப் பிடிப்பவர்கள் முன்கூட்டியே போடும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது.

## பிடிப்பது என்று முடிவான பிறகு

முதலில் டாக்டரைப் பிடியுங்கள், அப்புறம் பூனையை. தொட விடாத பூனையைப் பார்க்க எல்லா கிளினிக்கிலும் வசதி இருக்காது. “தெருப்பூனை, கையில் பிடிக்க முடியாது, கூண்டோடு கொண்டுவருவேன், மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பீர்களா?” என்று போனில் கேட்டு, நாளும் நேரமும் உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்து மருத்துவமனையும், கிண்டி ப்ளூ கிராஸும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்டத் தலைநகரின் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.

கதவு தானாக விழும் கூண்டை விலங்கு நல ஆர்வலர்கள் இரவல் தருவார்கள். கூண்டைச் சோறு வைக்கும் இடத்தில் வைத்து, கதவு விழாமல் கயிற்றால் கட்டிவிட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து, சில நாள் அதற்குள்ளேயே சோறு வையுங்கள். முதல் நாள் வாசலில், அடுத்தது நடுவில், அப்புறம் கடைசி மூலையில். பூனை பயமில்லாமல் கடைசி மூலைவரை போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால் தயார்.

பிடிக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி சோறு வேண்டாம், தண்ணீர் மட்டும். தெருவில் சோறு வைக்கும் மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் தட்டில் தின்றுவிட்டு வந்து கூண்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். காலையில் வறுத்த நெத்திலியோ கருவாடோ கொஞ்சமாக, பூனை மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிபலகைக்குப் பின்னால். கையில் தடித்த போர்வையோடு பார்வை படும் தூரத்தில் இருங்கள். கூண்டை வைத்துவிட்டு வேலைக்குப் போகவே கூடாது.

கதவு விழுந்ததும் பூனை கம்பியில் மோதும், மூக்கில் ரத்தம் வரும் அளவுக்கு மோதும். அப்போது பேசாதீர்கள், கொஞ்சாதீர்கள், போர்வையை முழுக்க மூடிவிடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். ஆட்டோவில் போகும்போதும் போர்வையை விலக்க வேண்டாம். கோணிப்பை, வலை, காய்கறிக் கூடை எதுவும் வேண்டாம், பூனை தப்பிக்கும் அல்லது உங்களைக் கிழிக்கும்.

பெட்டை என்றால் அடிவயிற்றைப் பாருங்கள். காம்பைச் சுற்றி முடி விலகி, ஈரமாக இருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் குட்டிகளைக் கண்டுபிடித்த பிறகு பிடியுங்கள்.

அந்த ஒரு வாய்ப்பில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். வந்த நோய்க்குச் சிகிச்சை, ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு, தெள்ளு மருந்து, உடம்பு தாங்கும் என்றால் கருத்தடை, கருத்தடை ஆனது தெரியக் காது நுனியில் அடையாள வெட்டு. தினமும் மாத்திரை கொடுக்க முடியாது என்பதையும் சொல்லி, ஒரே ஊசியில் பல நாள் வேலை செய்யும் மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். பூனை திரும்பிப் போய்ப் பிழைக்காது, வலி மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்னால், மயக்கத்திலேயே அமைதியாகப் போகவிடுவதும் அதற்குச் செய்யும் உதவிதான்.

## திரும்ப விடும்போது

மயக்கம் முழுக்கத் தெளியும் வரை, டாக்டர் சொன்ன நாள் வரை, கூண்டிலேயே மூடி வையுங்கள். பிடித்த அதே இடத்தில், சோறு வைக்கும் நேரத்தில் விடுங்கள். புது இடத்தில் விட்டால் வழி தெரியாமல் தொலைந்துவிடும். யாராவது வேறு ஏரியாவில் கொண்டுபோய் விடச் சொல்லி வற்புறுத்தினாலோ பூனைகளை அடித்தாலோ, விலங்குகளைத் துன்புறுத்துவது 1960ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கே அடங்கிவிடுவார்கள். அடையாள வெட்டைக் காட்டி, இது இனி குட்டி போடாது என்றும் சொல்லுங்கள். அந்த வார்த்தைதான் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அதிகம் வேலை செய்கிறது.

விட்டதும் மின்னல் மாதிரி ஓடி மறைந்துவிடும், சில நாள் வராமலும் போகலாம். நேரத்தையும் தட்டையும் மாற்றாமல் வையுங்கள். கூண்டை மட்டும் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். வர ஆரம்பித்ததும் மறுபடி வீடியோ எடுத்து, பழையதோடு ஒப்பிட்டு டாக்டருக்கு அனுப்புங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் நாட்களில் தட்டு வைக்கப் போகிறவரிடம் எந்தப் பூனைக்கு என்ன மருந்து, எந்த டாக்டர், எந்த நம்பர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.